தரம் 5, 6 பிள்ளையளுக்கு சிஸ்டம்ஸ் திங்கிங் படிப்பிக்கலாமோ?

"தரம் 5, 6 பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் சிஸ்டம்ஸ் திங்கிங் சொல்லிக் கொடுக்க முடியுமா, எங்கே தொடங்குவது?" எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

முடியும். சிஸ்டம்ஸ் திங்கிங் எண்டா, ஒண்டை ஒண்டு பாதிக்கிற பாகங்களை ஒரே தொகுதியாச் சேர்த்துப் பார்க்கிறது. ஆனா முதல் மாசம் அந்தச் சொல்லை எடுக்காதேங்கோ. தொகுதி எண்டு சொன்ன உடனே பெரிய வகுப்புப் பிள்ளையளே சமிபாட்டுத் தொகுதியின்ர பாகங்களை வாயில இருந்து வரிசையா ஒப்புவிக்கத் தொடங்கிடுவினம். ஒண்டு மாறினா மற்றதுக்கு என்ன நடக்கும் எண்டு கேட்டுப் பாருங்கோ, வகுப்பே அமைதியாயிடும்.

நீங்கள் புதுசா வேலைக்கு வந்த ஒராள் எண்டும், சிலபஸ் முடிக்கச் சொல்லி மேல இருந்து நெருக்கினம் எண்டும் நினைச்சுத்தான் எழுதுறன். பிழையெண்டா மன்னியுங்கோ.

நான் கொழும்பில வெள்ளவத்தைப் பக்கம் தரம் 5க்குச் சுற்றாடல் எடுத்துக்கொண்டிருந்த வருஷம் 2017. அந்த வருஷ டெங்கு ஆருக்கும் மறந்திருக்காது, நாடு முழுக்க ஒரு லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல ஆக்களுக்கு வந்தது. ஜூன் மாசம் என்ர வகுப்பில ஒவ்வொரு கதிரையா வெறுமையாகிக்கொண்டு வந்தது, ரெஜிஸ்டர் மார்க் பண்ணக் கை கூசும். அப்ப ஒழுங்கைக்குப் புகை அடிச்சவை. ஒரு கிழமை கழிச்சு ஒருத்தன் எழும்பி, "மிஸ், புகை அடிச்சுச் செத்துப்போச்சுது எண்டா இப்ப கடிக்கிற நுளம்பு எங்கயிருந்து வந்தது?" எண்டு கேட்டான். அண்டைக்கு வைச்சிருந்த பாடத்தை மூடி வைச்சிட்டன்.

முதல்ல அவையையே சொல்ல விட்டன். முட்டை, குடம்பி, கூட்டுப்புழு, நிறைவுடலி எல்லாம் பாடமாத் தெரியும். புகை இதில எதைக் கொல்லும் எண்டு கேட்டன். பறக்கிறதை மட்டும்தான். முட்டை தண்ணி வத்தின சிரட்டையில கூட மாசக்கணக்கில ஒட்டிக்கொண்டிருக்கும், திரும்ப மழை பெய்ஞ்சாப் பொரிக்கும். இதைக் கேட்ட உடனே பிள்ளையள் தாங்களே அம்புக்குறி போடத் தொடங்கிச்சினம். மழை கூடினா தேங்கின தண்ணி கூடும், தண்ணி கூடினா நுளம்பு கூடும், அப்பிடியே போய்க் காய்ச்சல்காரரில நிண்டுது.

பிறகு நாள் கணக்குப் பார்த்தம். முட்டை நுளம்பாக எட்டுப் பத்து நாள், நோயாளியைக் கடிச்ச நுளம்பு இன்னொருத்தருக்குப் பரப்பக்கூடியதா மாற எட்டிலயிருந்து பன்ரண்டு நாள், கடி வாங்கின ஆளுக்குக் காய்ச்சல் காட்ட நாலு தொடக்கம் பத்து நாள். கூட்டச் சொன்னன். குறைஞ்சது 20 நாள், இழுபட்டா ஒரு மாசம். கலண்டரை எடுத்து மழை பெய்ஞ்ச நாளையும் ரெஜிஸ்டரில ஆக்கள் வராத நாளையும் பக்கத்தில பக்கத்தில குறிச்சுப் பார்த்தா அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியுது! காரணம் ஒரு நாள், விளைவு இன்னொரு நாள் எண்டது பத்து வயசில விளங்கிட்டுது எண்டா அந்தப் பிள்ளை நாளைக்குப் பேப்பர் வாசிக்கிற விதமே வேற.

ஆனா நான் எதிர்பார்க்காதது பின் வாங்கில இருந்த ஒரு பிள்ளை செய்தது. அதிகம் கதைக்காத பிள்ளை. காய்ச்சல்காரரில இருந்து ஒரு அம்பை இழுத்து "பயம்" எண்டு எழுதி, அதிலயிருந்து "துப்புரவு", அதைத் திருப்பித் தேங்கின தண்ணிக்குக் கொண்டுபோய் விட்டிட்டுது. "காய்ச்சல் குறைஞ்சாப் பயமும் குறையும் மிஸ், பிறகு ஒருத்தரும் பீலி துப்புரவாக்க மாட்டினம், பிறகும் வரும்." விளைவு சுத்தி வந்து தன்ர காரணத்தையே மாத்திறது, பின்னூட்ட வளையம் எண்டு பெரிய ஆக்கள் சொல்லுறது இதைத்தான். நான் ஒரு சொல்லும் சொல்லிக் குடுக்கேல்ல.

வகுப்பில நுளம்பு வளர்த்தனீங்களோ எண்டு ஆரும் கேக்க முதல் சொல்லிடுறன், இல்லை. மாதிரிக்குக் கொண்டுவந்த குடம்பியை வலை கட்டின போத்தலில அரை மணித்தியாலம் காட்டிப்போட்டு, எல்லாருக்கும் முன்னால வெய்யில் மண்ணில ஊத்தினனான்.

அந்தக் கிழமை ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய் பிரிஜ்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டை இழுத்துப் பார்க்க, அதுக்குள்ள புழு நெளிஞ்சிருக்கு. அடுத்த நாள் அவவின்ர அம்மா வந்தவ. சந்தோசப்படுவா எண்டு நினைச்சன். "மிஸ், இது ஸ்கொலர்ஷிப் பேப்பரில வருமோ?" எண்டு கேட்டா. ஓகஸ்ட்டில தரம் 5 புலமைப்பரிசில் சோதனை, அவவிலயும் பிழை சொல்லேலாது, வெட்டுப்புள்ளிப் பயம் வீடுகளை அப்பிடி ஆட்டுது. ஆனா அந்தக் கேள்வி இண்டைக்கும் எனக்கு வலிக்கும்.

சரி, விஷயத்துக்கு வாறன். சின்ன வயசுக்கு இது கூட எண்டு சொல்லுற ஆக்களுக்கு: அமெரிக்காவில 2013ல வந்த விஞ்ஞானத் தராதரத்தில மூண்டாம் வகுப்பிலயிருந்து ஐஞ்சாம் வகுப்பு வரைக்கும் தொகுதிகளைப் பற்றின கருத்து இருக்கு, பாகங்கள் ஒண்டோடொண்டு எப்பிடி ஊடாடுது எண்டு சொல்ல வைக்கிறதுதான் அந்த வயசுக்கு அவை வைச்ச அளவு. வெளிநாட்டைக் கொண்டாடுறன் எண்டு நினைக்காதேங்கோ, வயசு காணாது எண்டவைக்கு மட்டும்தான் சொல்லுறன்.

ரெண்டு இடத்தில இடறும். ஒண்டு, அம்புக்குப் பக்கத்தில கூட்டல் அடையாளம் போட்டா "நல்லது" எண்டு விளங்கிக்கொள்ளுவினம். நான் அடையாளத்தை விட்டிட்டு, சிவப்புப் பென்சில் எண்டா ரெண்டும் ஒரே பக்கம் போகும் (ஒண்டு கூடினா மற்றதும் கூடும்), நீலம் எண்டா எதிர்ப்பக்கம் போகும் எண்டு மாத்தினன். மற்றது தேக்கமும் ஓட்டமும், அதாவது சேர்ந்து நிக்கிற அளவும், உள்ள வந்து வெளிய போற அளவும். பைப்பைக் கொஞ்சம் மூடினா வாளித் தண்ணி குறையும் எண்டு அடிச்சுச் சொல்லுவினம். ஓட்டை போட்ட வாளி ஒண்டைக் கொண்டுபோய், உள்ள வாறது வெளிய போறதை விடக் கூட இருக்கும் வரைக்கும் ஏறிக்கொண்டுதான் இருக்கும் எண்டு காட்டுங்கோ. பிள்ளையளோட கோவிக்காதேங்கோ, 2000ம் ஆண்டு அமெரிக்காவில எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்களுக்கே இப்பிடிக் குளியல் தொட்டிக் கணக்குக் குடுத்துப் பார்க்க, கனபேர் பிழை விட்டவை.

மழை தொடங்க முதல் வகுப்புச் சுவரில கலண்டரைக் கொழுவுங்கோ. கொழும்புப் பக்கம் எண்டா மே மாசம் பிந்தி, அதுக்கு முன்னமே. மழை குறிக்கிற பொறுப்பைக் கதைக்காத பிள்ளை ஒண்டிட்டக் குடுங்கோ.