கட்டிலடி நாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்

காப்பகத்திலிருந்து எடுத்துவந்த நாட்டு நாய் நான்கு நாளாகக் கட்டிலடியை விட்டு வரவில்லை, இரவில் மட்டும் சாப்பிடுகிறது, உங்களைக் கண்டால் கொட்டாவி விடுகிறது, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். நான்கு நாள் ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டுக் கறுப்பி மூன்று வாரம் வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான் குடியிருந்தாள்!

அந்தக் கொட்டாவி பெரும்பாலும் தூக்கத்தால் வருவதல்ல, பதற்றம். உதட்டை நக்குவதும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அப்படித்தான். வாலாட்டினாலும் உடல் விறைப்பாக இருந்தால் நம்பிக் கை நீட்டாதீர்கள்.

நாய் உலகத்தை மூக்கால் படிக்கிறது. நமக்கு மணம் அறியும் செல்கள் சுமார் 60 லட்சம் என்றால், அதற்குக் கோடிக்கணக்கில். அதனால் நீங்கள் உடுத்திக் கழற்றிய சட்டை ஒன்றைத் துவைக்காமல் கட்டில் பக்கத்தில் போட்டு வையுங்கள். தரையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, நாயைப் பார்க்காமல் பேப்பர் படியுங்கள். இழுத்து வெளியே எடுக்க மட்டும் வேண்டாம், கடித்துவிடும்.

அப்புறம், ஈறு வெளுத்திருந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். தெருவில் வளர்ந்த நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் சகஜம். ரத்தப் பரிசோதனை எப்படியும் ஒருமுறை எடுத்துவிடுங்கள். பெயர் வைத்தாயிற்றா?