ஃபைல் ஷேரிங் சாப்ட்வேருக்கு காசு கட்டணுமா? ஓப்பன் சோர்ஸ்ல என்ன இருக்கு? (கேள்வி-பதில்)

கேள்வி: டோரண்ட் முறைல, அதாவது மத்தவங்க கம்ப்யூட்டர்லேர்ந்து நேரா ஃபைல் இறக்க, பல வருஷமா யூடோரண்ட்தான் யூஸ் பண்றேன். விளம்பரத் தொல்லை தாங்கல. ப்ரோ வெர்ஷன் வாங்கினா விளம்பரம் வராது, வைரஸ் ஸ்கேன் உண்டு, டவுன்லோட் ஆகும்போதே வீடியோ பாக்கலாம்னு போட்டிருக்கு. வாங்கலாமா?

பதில்: வேண்டாங்க. விளம்பரத்த உள்ள வெச்சதும் அவங்க, அத எடுக்க காசு கேக்கறதும் அவங்க, இதுல நீங்க புதுசா எதையும் வாங்கல. க்யூபிட்டோரண்ட் போட்டுக்கோங்க. 2006-லேர்ந்து வந்துட்டு இருக்கு, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுக்கும் இருக்கு, முழுசா ஓப்பன் சோர்ஸ் (அதாவது எழுதின கோடு யார் வேணா பாக்கவும் எடுத்து மாத்தவும் திறந்திருக்கும்), விளம்பரம்னு ஒன்னு கிடையவே கிடையாது. பாக்கறதுக்கும் பழைய யூடோரண்ட் மாதிரியேதான் இருக்கும், அதனால புதுசா பழகணும்னு எதுவும் இல்ல. வீடியோ விஷயத்துக்கு, டோரண்ட் மேல ரைட் க்ளிக் பண்ணா வரிசையா டவுன்லோட் பண்ற ஆப்ஷன் இருக்கு, அத ஆன் பண்ணிட்டு கொஞ்சம் இறங்கினதும் விஎல்சி வீடியோ ப்ளேயர்ல ஓப்பன் பண்ணா போதும். வைரஸ் ஸ்கேனுக்கு உங்க சிஸ்டத்துல ஏற்கனவே ஆண்டிவைரஸ் இருக்கும், அந்த ஒரே வேலைக்கு ரெண்டாவது தடவை காசு எதுக்கு?

யூடோரண்ட் ஆரம்பத்துல அருமையான சாப்ட்வேர், அத மறுக்க முடியாது. 2005-ல வந்தப்போ அவ்ளோ சின்னதா, லைட்டா இருக்கும். 2006 கடைசில பிட்டோரண்ட் கம்பெனி வாங்கினாங்க, அப்புறம் விளம்பரம் வந்துச்சு, 2015-ல எபிக்ஸ்கேல்னு, உங்க கம்ப்யூட்டர ஓட்டி க்ரிப்டோ காசு சம்பாதிக்கற (க்ரிப்டோ மைனிங்) ஒரு ப்ரோக்ராம் இன்ஸ்டாலரோட சேர்ந்து வந்து பெரிய பிரச்சன ஆச்சு. எங்கள கேக்காமலே ஏறிடுச்சுனு யூசர்ஸ் சொன்னாங்க, அப்படி இல்லனு கம்பெனி சொன்னாங்க, கடைசில அத எடுத்துட்டாங்க. 2018-ல கம்பெனியே ட்ரான்ங்கிற க்ரிப்டோ ஆளுங்க கைக்கு போச்சு. சோர்ஸ் கோடு மூடியே இருந்ததால, பிடிக்காதவங்க அத எடுத்து தனியா நடத்தவும் வழியில்லாம போச்சு.

மாறும்போது ஏற்கனவே இறக்கின ஃபைல எல்லாம் திரும்ப இறக்க வேண்டாம். அதே டோரண்ட் ஃபைல (.torrent-னு முடியற சின்ன ஃபைல்) க்யூபிட்டோரண்ட்ல சேருங்க, சேவ் பண்ற இடம்னு பழைய ஃபோல்டரையே காட்டுங்க, ரீசெக் குடுங்க. டோரண்ட்ல ஃபைல் துண்டு துண்டாத்தான் வரும், ஒவ்வொரு துண்டுக்கும் ஹேஷ் (கைரேகை மாதிரி ஒரு சரிபார்ப்பு எண்) இருக்கறதால எது இருக்கு எது இல்லனு அதுவே சரிபாத்துட்டு மிச்சத்த மட்டும் இறக்கும்.

கேள்வி: க்யூபிட்டோரண்ட்டே ஆப் ஸ்டோர்ல காசுக்கு இருக்கே? வேற சில சைட்ல லைஃப்டைம் மெம்பர்ஷிப்னும் கேக்கறாங்க.

பதில்: க்யூபிட்டோரண்ட் பேர்ல மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்ல வேற யாரோ காசுக்கு வித்தாங்க, அது எங்களோடது இல்லனு அந்த டீமே வெளிப்படையா சொல்லியிருக்காங்க. க்யூபிட்டோரண்ட்டோட ஜிபிஎல்ங்கிற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்படி அடுத்தவங்க காப்பி எடுத்து விக்கறது தப்பு இல்ல, ஆனா நீங்க கட்டற காசு எழுதினவங்களுக்கு போகாது, அப்டேட் ஒழுங்கா வருமானும் சொல்ல முடியாது, உள்ள என்ன சேத்திருக்காங்கன்னும் தெரியாது. எப்பவும் ப்ராஜெக்ட்டோட சொந்த சைட்லேர்ந்தே எடுங்க. மெம்பர்ஷிப் கேக்கற சைட்ட உடனே மூடிடுங்க, இலவசமா கிடைக்கற சாப்ட்வேருக்கு லிங்க் காட்டறதுக்குத்தான் அந்தக் காசு. குடுக்கணும்னு தோணுச்சுன்னா ப்ராஜெக்ட் சைட்லயே டொனேட் பட்டன் இருக்கும், அங்க குடுங்க, உண்மையிலேயே அவங்களுக்கு அது உதவும்.

கேள்வி: காசு கட்டற வெர்ஷன்ல ஸ்பீடு அதிகமா வரும்னு சொல்றாங்களே?

பதில்: நிறைய பேர் ஏமாறறது இங்கதான், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். பியர்-டு-பியர்ல (டோரண்ட் இந்த வகைதான்) ஃபைல் கம்பெனியோட சர்வர்லேர்ந்து வரல, உங்கள மாதிரி இன்னொருத்தர் கம்ப்யூட்டர்லேர்ந்து வருது. முழு ஃபைலும் வெச்சிருக்கற சீடர் எத்தன பேர் இருக்காங்க, அவங்க எவ்ளோ அப்லோட் குடுக்கறாங்க, உங்க நெட் எவ்ளோ தாங்கும், இதுதான் ஸ்பீடு. சீடரே இல்லாத டோரண்ட்ட எந்த ப்ரோ வெர்ஷனும் இறக்கிக் குடுத்துட முடியாது.

பிராம் கோஹன் 2001-ல பிட்டோரண்ட்ட வெளியிட்டப்போவே அதுக்குள்ள ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கு வெச்சாரு. உங்களுக்கு யார் நல்லா அப்லோட் பண்றாங்களோ அவங்களுக்கு உங்க க்ளையண்ட் (நீங்க போட்டிருக்கற டோரண்ட் சாப்ட்வேர்) முன்னுரிமை குடுக்கும், எதிர்ல இருக்கறவங்களும் அதே மாதிரிதான். அதனால அப்லோட ரொம்ப இறுக்கி வெச்சா டவுன்லோடும் படுத்துடும். அதுக்காக முழுசா திறந்தும் விடாதீங்க, அப்லோட் லைன் நிரம்பிட்டா ப்ரௌசிங், வீடியோ கால் எல்லாமே திணறும், அதனால லைன் வேகத்துல ஒரு 80 சதவீதத்துக்கு லிமிட் வெச்சா சரியா இருக்கும். அடுத்தது போர்ட், அதாவது வெளியிலேர்ந்து உங்க சாப்ட்வேருக்கு கனெக்ஷன் வர்ற வாசல். உங்க போர்ட் மூடியிருந்தா வெளிய இருக்கற பியர்ஸ் (ஃபைல் பகிர்ற மத்தவங்க) உங்கள தேடி வர முடியாது, நீங்க போய் கனெக்ட் பண்றது மட்டும்தான் நடக்கும். ரவுட்டர்ல யுபிஎன்பி (போர்ட்ட தானாவே திறக்கற வசதி) ஆன் பண்ணுங்க, இல்லன்னா கையால போர்ட் ஃபார்வர்ட் பண்ணுங்க. ஸ்பீடு பூஸ்டர், ஆக்சிலரேட்டர்னு தனியா விக்கறத மட்டும் தொடாதீங்க.

கேள்வி: ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு போன், மூணுலயும் ஒரே ஃபோல்டர் இருக்கணும், கிளவுட்ல போட இஷ்டமில்ல. ரெசிலியோ சிங்க் சொல்றாங்க, மாற்று இருக்கா?

பதில்: இருக்கு, சிங்க்திங். ரெசிலியோங்கறது முன்னாடி பிட்டோரண்ட் சிங்க்னு இருந்தது, 2016-ல தனி கம்பெனியா பிரிஞ்சாங்க, சோர்ஸ் மூடினது. சிங்க்திங் 2013 கடைசிலேர்ந்து வருது, ஓப்பன் சோர்ஸ், ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நீள ஐடி இருக்கும், ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டாதான் கனெக்ட் ஆகும், போற வழி முழுக்க என்க்ரிப்ட் ஆகித்தான் போகும். நான் யார் கேட்டாலும் முதல்ல இதத்தான் சொல்வேன், அந்த அளவுக்கு நம்பிக்கையான சாப்ட்வேர்.

ஆனா தெரிஞ்சுக்க வேண்டியது சிலது இருக்கு. ஃபைல் பேர மட்டும் காட்டிட்டு தேவைப்படும்போது இறக்கற வசதி ரெசிலியோல உண்டு, சிங்க்திங்ல இல்ல, ஃபோல்டர் முழுசா இறங்கும், போன்ல இடம் கம்மின்னா யோசிங்க. ரெண்டு மெஷினும் ஒரே நேரத்துல ஆன்ல இருந்தாதான் சிங்க் ஆகும். ஆண்ட்ராய்டுக்கு அவங்களோட சொந்த ஆப் 2024 டிசம்பரோட நின்னுடுச்சு, சிங்க்திங்-ஃபோர்க்னு வேற ஒருத்தர் நடத்தறத போடணும். ரொம்ப முக்கியம், இது பேக்கப் இல்ல. ஒரு எடத்துல அழிச்சா எல்லா எடத்துலயும் அழிஞ்சுடும், அதனால அழிஞ்ச, மாறின ஃபைலோட பழைய காப்பிய வெச்சுக்கற ஃபைல் வெர்ஷனிங்க மொத நாளே ஆன் பண்ணிடுங்க.

ஒரே வைஃபைல இருக்கற போனுக்கும் லேப்டாப்புக்கும் அப்பப்போ நாலு போட்டோ அனுப்பத்தான்னா இவ்ளோ வேண்டாம், லோக்கல்சென்ட் போதும், ஓப்பன் சோர்ஸ்தான், அக்கவுண்ட் கூட கேக்காது.

கேள்வி: கம்பெனியே இல்லாத சாப்ட்வேர எப்படி நம்பறது? நாளைக்கு நின்னுட்டா?

பதில்: கம்பெனி இருந்தா மட்டும் நிக்காதா? லைம்வயர்னு ஒரு ஃபைல் ஷேரிங் சாப்ட்வேர் இருந்துச்சு, அதோட ப்ரோவுக்கு எத்தனையோ பேர் காசு கட்டினாங்க, 2010 அக்டோபர்ல அமெரிக்க கோர்ட் உத்தரவால மூட வேண்டியதாச்சு. அதோட கோடு ஜிபிஎல்ல இருந்ததால அதுலேர்ந்து பிரிஞ்ச ஃப்ராஸ்ட்வயர் தொடர்ந்து ஓடுச்சு. அஸூரியஸ்ங்கிற டோரண்ட் சாப்ட்வேர் வூஸ்னு பேர் மாறி விளம்பரத்தோட வந்தப்புறம், அதுல வேல பாத்தவங்களே 2017-ல அந்தக் கோட எடுத்து விளம்பரம் இல்லாம பிக்லிபிடி ஆரம்பிச்சாங்க. கம்பெனி போனாலும் கோடு வெளிய இருக்கும், அதுக்காகத்தான் ஓப்பன் சோர்ஸ்னு நான் இவ்ளோ வற்புறுத்தறேன்.

அதுக்காக கண்ண மூடிட்டு நம்பவும் வேண்டாம். மேக்ல பேர் போன ட்ரான்ஸ்மிஷன்ங்கிற ஓப்பன் சோர்ஸ் டோரண்ட் சாப்ட்வேரோட சைட்டுக்குள்ள 2016 மார்ச்ல யாரோ பூந்து, 2.90 இன்ஸ்டாலர்ல கீரேஞ்சர்ங்கிற ரான்சம்வேர சேத்துட்டாங்க, இறக்கினவங்க ஃபைல பூட்டிட்டு ஒரு பிட்காயின் கேட்டுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல திரும்பவும் வேற மால்வேரோட நடந்துச்சு. க்யூபிட்டோரண்ட்லயும் எஸ்எஸ்எல் சர்டிபிகேட்ட (கனெக்ட் ஆகற சைட் அசல்தானானு காட்டற சான்று) சரியா செக் பண்ணாத ஒரு ஓட்டை 2010-லேர்ந்து இருந்து, 2024 அக்டோபர்ல வந்த 5.0.1-லதான் அடைச்சாங்க. கோடு திறந்திருக்குங்கறதுக்காக எல்லாரும் படிச்சுட்டாங்கனு அர்த்தம் இல்ல. 5.0.1-க்கு முந்தின வெர்ஷன் வெச்சிருந்தா இன்னைக்கே அப்டேட் பண்ணுங்க, இன்ஸ்டாலர் இறக்கினா டெவலப்பரோட டிஜிட்டல் கையெழுத்தையும் சரிபாருங்க. வெறும் ஹேஷ மட்டும் பாத்தா பத்தாது, சைட்டே ஹேக் ஆகியிருந்தா பக்கத்துல இருக்கற ஹேஷையும் மாத்திட முடியும்.

கேள்வி: ஓப்பன் சோர்ஸ் போட்டா நான் யாருனு தெரியாதுல்ல?

பதில்: தெரியும். டோரண்ட்ல ஃபைல பகிர்ந்துக்கறவங்க ஒருத்தர் ஐபி அட்ரஸ (நெட் கனெக்ஷனோட அடையாள எண்) ஒருத்தர் பாக்கலாம், க்ளையண்ட் எதுவா இருந்தாலும் இதுதான். சாப்ட்வேர் வெச்சிருக்கறது தப்பு இல்ல, லினக்ஸ் இன்ஸ்டால் பண்ற ஐஎஸ்ஓ ஃபைலும் இன்டர்நெட் ஆர்க்கைவ் கலெக்ஷனும் டோரண்ட்லயே முறையா குடுக்கறாங்க, காப்பிரைட் இருக்கறத அனுமதி இல்லாம பகிர்ந்தாதான் சிக்கல், அத எந்த சாப்ட்வேரும் சட்டப்படி ஆக்கிடாது. அடுத்தவங்க உங்க ஐபிய பாக்க வேண்டாம்னு விபிஎன் (உங்க ஐபிக்கு பதிலா வேற ஐபிய காட்டற சேவை) போட்டா, க்யூபிட்டோரண்ட் அட்வான்ஸ்டு செட்டிங்ல நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்னு இருக்கறதுல அந்த விபிஎன்ன மட்டும் தேர்ந்தெடுங்க, இல்லன்னா விபிஎன் நடுவுல கட் ஆகும்போது டவுன்லோட் நிக்காம உங்க சொந்த ஐபிலயே போயிட்டு இருக்கும்.