வாசகர் கேள்வி-பதில்: பேஸ்பாலில் அப்படி என்னதான் இருக்கிறது?

இந்த முறை பேஸ்பால் பற்றியே நாலைந்து கடிதங்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் கூடிவிட்டதால், இனி இந்தக் கேள்விகள் வந்துகொண்டேதான் இருக்கும். எனக்குப் பிடித்த விஷயம், அதனால் பக்கம் முழுக்க அதற்கே.

கேள்வி: சிகாகோவில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். பத்து வயசுப் பேரன் பேஸ்பால் ஆடுகிறான். முக்கால்வாசி நேரம் அவுட்டாகித்தான் வருகிறான், அதற்கும் எல்லாரும் கைதட்டுகிறார்கள். பிள்ளைக்குத் தோற்கவா சொல்லிக்கொடுக்கிறார்கள்?
— ஒரு பாட்டி, காவேரிப்பட்டணம்

பதில்: அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பேரன் நன்றாகவே ஆடுகிறான். பத்துத் தடவை பேட் பிடித்தால் மூன்று தடவை ஹிட் அடிப்பவர், அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட்டாகாமல் பேஸுக்குப் போய்ச் சேருபவர், அங்கே பெரிய ஆட்டக்காரர். அதைத்தான் .300 என்று எழுதுவார்கள். மீதி ஏழு தடவையும் தலையைக் குனிந்துகொண்டு பெஞ்சுக்குத் திரும்ப வேண்டியதுதான். பந்து வீசுகிற பிட்சர் நிற்கும் இடத்துக்கும் பேட் பிடிப்பவருக்கும் நடுவே அறுபதே முக்கால் அடிகூட இல்லை, 60 அடி 6 அங்குலம்தான். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து அதைக் கடக்க அரை விநாடிகூட ஆகாது. அதற்குள் பந்து எப்படித் திரும்புகிறது என்று பார்த்து, அடிக்கலாமா விடலாமா என்று முடிவு செய்து, உருண்டையான மட்டையால் உருண்டையான பந்தை அடிக்க வேண்டும்.

1941-இல் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியில் டெட் வில்லியம்ஸ் என்று 23 வயசுப் பையன். சீசனின் கடைசி நாள் விடிந்தபோது அவர் சராசரி .39955, அதைக் கணக்கில் .400 என்றே எழுதிக்கொள்வார்கள். அன்று ஆடாமல் உட்கார்ந்திருந்தால் அந்த எண் பத்திரமாக இருந்திருக்கும். மேனேஜரும் உட்காரச் சம்மதித்தார். இவர் மாட்டேன் என்று சொல்லிவிட்டு பிலடெல்பியாவில் அன்றைக்கு நடந்த இரண்டு ஆட்டத்திலும் இறங்கி, எட்டுக்கு ஆறு அடித்து .406-இல் முடித்தார். அங்கே பெரிய லீக்குகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் அதற்குப் பிறகு இன்றுவரை .400 தொட்டவர் யாரும் இல்லை. அப்படிப்பட்டவருக்கே பத்தில் ஆறு தடவை ஹிட் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். அங்கே ஸ்கோர்போர்டில் ரன், ஹிட் என்பதோடு 'எர்ரர்' என்று மூன்றாவதாக ஒரு கட்டம் இருக்கும். கையில் விழுந்த பந்தை விட்டால் அது உங்கள் பெயரில் ஏறிவிடும், ஊரே பார்க்கும். அடுத்த பந்து உங்களிடமேகூட வரலாம், அதற்கு நீங்கள் தயாராக நிற்க வேண்டும். பேரனுக்குக் கைதட்டுகிறார்களே, அது தோற்றதற்கு இல்லை அம்மா. அவன் நல்ல பந்தாகப் பார்த்து அடிக்கப் போனான் என்பதற்கு.

கேள்வி: கிரிக்கெட்டைக் கொஞ்சம் மாற்றி ஆடுகிறார்கள், அவ்வளவுதானே அண்ணா?
— கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: இல்லை தம்பி. இரண்டும் பழைய இங்கிலாந்து மட்டைப்பந்து விளையாட்டுகளின் வழியில் வந்தவை, ஒன்று மற்றதன் நகல் இல்லை. அமெரிக்காவிலும் ஒருகாலத்தில் கிரிக்கெட் நன்றாகவே நடந்தது. இரண்டு நாடுகளுக்கு இடையே நடந்த முதல் கிரிக்கெட் ஆட்டமே 1844-இல் நியூயார்க்கில், அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும்தான். 1860-களின் உள்நாட்டுப் போரில் ராணுவ முகாம்களில் பேஸ்பால் பரவியது, அப்புறம் அதுவே நிலைத்துவிட்டது. 1932-இல் பிராட்மன் நியூயார்க் போனபோது பேஸ்பாலின் பெரிய நட்சத்திரம் பேப் ரூத்தைச் சந்தித்தார். இரண்டையும் பார், இரண்டும் நல்ல ஆட்டம்.

கேள்வி: என் வகுப்பு மாணவன் ஒருவன் 42 என்று எண் போட்ட பனியன் அணிந்து வந்தான். மாமா அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்ததாம். அந்த எண்ணை இனி எந்த வீரருக்கும் தரமாட்டார்கள் என்கிறான். உண்மையா?
— ஆசிரியை, அரூர்

பதில்: உண்மைதான் டீச்சர். வகுப்பில் அவனையே எழுந்து சொல்லச் சொல்லுங்கள், அவ்வளவு முக்கியமான கதை.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பெரிய லீக்குகளில் கறுப்பின வீரர்களைச் சேர்க்கவே இல்லை. எழுதி வைத்த விதி என்று ஒன்றும் கிடையாது, முதலாளிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதுதான். அதனால் கறுப்பினத்தவர் தங்களுக்கென்று தனி லீக்குகள் நடத்தினார்கள். 1920-இல் ரூப் ஃபாஸ்டர் தொடங்கிய நீக்ரோ நேஷனல் லீக் அப்படி வந்தது. 1947 ஏப்ரல் 15-ஆம் தேதி புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார். பனியனில் 42. அவரைச் சேர்த்த அணி நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி முன்கூட்டியே கேட்டுக்கொண்டது ஒன்றுதான், யார் என்ன சொன்னாலும் திருப்பி அடிக்கக் கூடாது. எதிரணி மேனேஜரே பெஞ்சிலிருந்து நிறத்தைச் சொல்லித் திட்டினார், கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன, சில ஊர்களில் ஹோட்டலில் அறை தரவில்லை. அவர் பேசாமல் ஆடினார், அந்த வருஷத்துச் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்குத்தான். ராணுவத்தில் நிறப் பிரிவினையை நீக்கும் உத்தரவு 1948-இல்தான் வந்தது, பள்ளிகளில் பிரித்து வைப்பது தவறு என்ற தீர்ப்பு 1954-இல். விளையாட்டு மைதானம் அரசாங்கத்துக்கு முன்னால் நடந்தது என்பதுதான் இதில் என்னை அசைக்கிற விஷயம். 1997-இல் எல்லா அணிகளும் அந்த எண்ணை நிறுத்திவிட்டன. ஏப்ரல் 15 அன்று மட்டும் எல்லா வீரரும் 42 அணிந்து ஆடுவார்கள்.

ஆனால் ராபின்சனோடு கதையை முடித்தால் பாதிதான் சொன்னதாகும். ஜோஷ் கிப்சன் என்று ஒரு கேட்ச்சர் (பேட் பிடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்), நீக்ரோ லீக்குகளின் மாபெரும் ஹிட்டர், 1947 ஜனவரியில் 35 வயதில் இறந்துபோனார். ராபின்சன் களமிறங்க மூன்று மாதம்கூட இருக்கவில்லை. அவருடைய கணக்குகள் 2024-இல்தான் பெரிய லீக் பதிவேட்டில் ஏறின, ஏறியதும் .372 என்று வாழ்நாள் சராசரியில் அவர் பெயர் முதலிடத்தில் நிற்கிறது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதோடு பல்வங்கர் பாலூவையும் சொல்லுங்கள். 1911-இல் இங்கிலாந்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த இந்தியக் கிரிக்கெட் பந்துவீச்சாளர், இங்கே புனேயில் ஆடியபோது சாதியைக் காரணம் காட்டி அவருக்குத் தேநீரை வெளியே தனிக் குவளையில் கொடுத்தார்கள்.

கேள்வி: நைட் ஷிப்ட் முடித்து வந்து காலையில் போனில் பேஸ்பால் பார்ப்பேன். ஒரு அணிக்கு வருஷத்துக்கு 162 ஆட்டமாமே, எதற்கு இத்தனை? அறையில் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.
— தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

பதில்: சிரிக்கட்டும், நீங்கள் பாருங்கள். அந்த 162-இல்தான் இதன் ஜீவனே இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம். நம்ம பக்கம் திரௌபதியம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது ஊர்ச்சனம் வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து, பேசி, தின்று, சில பேர் தூங்கி, துகில் உரியும் கட்டத்தில் மட்டும் மூச்சுவிடாமல் பார்ப்பார்களே, அப்படித்தான் அவர்கள் இதைப் பார்க்கிறார்கள். சமைத்துக்கொண்டே ரேடியோவில் கேட்பார்கள், வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பார்கள். 2023-இலிருந்து இத்தனை விநாடிக்குள் பந்து வீச வேண்டும் என்று ஒரு கடிகாரம் வந்துவிட்டது, ஆனால் இத்தனை மணிக்குள் ஆட்டம் முடிய வேண்டும் என்ற கணக்கு இன்றும் இல்லை.

ஸ்டேடியத்தில் கேமரா கூட்டத்தைக் காட்டும்போது மடியில் அட்டையும் பென்சிலுமாக யாராவது தெரிகிறார்களா பாருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் உண்டு, பிட்சர் 1, கேட்ச்சர் 2 என்று போகும். ஒரே அடியில் இரண்டு பேர் அவுட்டானால் 6-4-3 என்று சின்னதாகக் குறிப்பார்கள், பந்து யார் யார் கைக்குப் போனது என்று அதிலேயே இருக்கும். இதை அப்பாவோ தாத்தாவோ பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லித் தந்திருப்பார்கள். சிகாகோ கப்ஸ் அணி 1908-க்குப் பிறகு கோப்பை ஜெயிக்க 2016 ஆனது, 108 வருஷம். ஜெயித்தபோது ஜனங்கள் ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவரில் சாக்பீஸால் பெயர்களை எழுதினார்கள், நிறையப் பேர் எழுதியது இதைப் பார்க்காமலே செத்துப்போன தங்கள் அப்பா, அம்மா, தாத்தா பெயரை.

ஆடுகிறவர்களுக்கு இது அன்றாடப் பிழைப்பு. மேலே வருவதற்கு முன் மைனர் லீக்கில் வருஷக்கணக்கில் ராத்திரி பஸ்ஸில் ஊர் ஊராகப் போக வேண்டும். கீழ்மட்ட அணிகளில் வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலரைத் தொடாத சம்பளத்தில் ஆடியவர்கள் ஏராளம். 2022-இல் சங்கம் சேர்ந்து, 2023-இல் போட்ட ஒப்பந்தத்தில்தான் சம்பளம் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அவர்களில் பெரும்பாலோர் மேலே போகவே மாட்டார்கள், தெரிந்தேதான் ஆடுகிறார்கள்.

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகன் கல் எறிந்தால் புளியமரத்து உச்சிக்குப் போகும். இங்கே பேஸ்பால் கற்க வழி உண்டா?
— விவசாயி, பென்னாகரம்

பதில்: உண்டு ஐயா. பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் பேஸ்பால், சாப்ட்பால் இரண்டுமே இருக்கின்றன, பள்ளியின் பி.இ.டி. மாஸ்டரைக் கேளுங்கள், அங்கே இல்லையென்றால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரியுங்கள். உத்தரப் பிரதேசத்து ரிங்கு சிங்கும் (கிரிக்கெட் வீரர் ரிங்கு சிங் வேறு) தினேஷ் படேலும் ஈட்டி எறிந்துகொண்டிருந்த பையன்கள்தான். 2008-இல் ஒரு டிவி போட்டி மூலம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவர்களை ஒப்பந்தம் செய்து மைனர் லீக்கில் ஆடவைத்தது. பெரிய லீக்குக்கு அவர்கள் போகவில்லை.

இப்போதைக்குக் கல்லை விட்டுவிட்டு டென்னிஸ் பந்தில் எறியச் சொல்லுங்கள். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும், வளரும் பிள்ளைகளின் தோளும் முழங்கையும் சீக்கிரம் கெடும். கிளவுஸ் வாங்கப் போனால், வலது கையால் எறிகிற பையனுக்கு இடது கையில் மாட்டுவதாகக் கேட்டு வாங்குங்கள்.