பாலுக்கு அழாத பச்சிளங்குழந்தை சமர்த்துப் பிள்ளை அல்ல

சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் பதினொரு கேள்விகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, கேள்விக்குறிகூட இல்லாமல் ஒரு வரி: "மூத்தவன் பதினேழாம் நாளில், வாந்தி எடுத்து எடுத்து எடை குறைந்து இறந்துபோனான்." அதைப் படித்த இரவே உங்களுக்கு நேரடியாக எழுதினேன், விடியும்வரை காத்திருக்காமல் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பது மற்ற பெற்றோருக்கும் தெரிய வேண்டும்.

உங்கள் இளைய மகன் பிறந்து எட்டு நாள். குதிகாலில் எடுத்த ரத்தத்தில் 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடியிருப்பதால், பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி (CAH) என்ற நோயோ என்று பார்க்க மறுபடி ரத்தம் கேட்டிருக்கிறார்கள். 'இந்தச் சோதனை பல நேரம் தவறாகக் காட்டும்' என்று இணையத்தில் படித்துவிட்டு, ஒரு மாதம் போகட்டும் என்று இருந்துவிட்டீர்கள். படித்தது பாதி உண்மை. குறைமாதக் குழந்தைகளுக்கும், பிறந்த 24 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்கப்பட்டவர்களுக்கும், வேறு நோயால் வாடும் குழந்தைகளுக்கும் இந்த அளவு சும்மாவே உயர்ந்து தெரியும். உங்கள் மகனோ நிறைமாதத்தில் பிறந்தவன். ரத்தம் எடுத்தது மூன்றாம் நாளில். அண்ணனை அப்படி இழந்த வீடு. இந்தக் குழந்தைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

சிறுநீரகங்களின் தலைமாட்டில் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கின்றன. இவ்விரண்டையும் உருவாக்க வேண்டிய ஒரு நொதி பிறவியிலேயே குறைந்திருந்தால், பாதி வழியில் நிற்கும் மூலப்பொருள் ரத்தத்தில் தேங்கும். 17-ஹைட்ராக்சி புரோஜெஸ்டிரோன் அந்தத் தேக்கம்தான். ஆல்டோஸ்டிரோன் இல்லாவிட்டால் உடல் உப்பைச் சிறுநீரில் இழந்துகொண்டே இருக்கும். பிறந்த முதல் சில நாட்கள் இது வெளியே தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாரங்களில் குழந்தை திடீரெனச் சரியும்.

ஆகவே நீங்கள் கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பால் குடிப்பது குறைந்து, வாந்தி வந்து, எடை ஏறாமல் இறங்கிக்கொண்டு, குழந்தை சோர்ந்து கிடந்தால் அது அவசரம். "பசிக்குக்கூட அழாமல் தூங்குகிறான், சமர்த்து" என்று பாட்டி மெச்சுவதாக எழுதியிருந்தீர்கள். என்னைப் பதற வைத்தது அந்த வரியும்தான். எட்டு நாள் குழந்தை பாலுக்கு அழ வேண்டும். அழாவிட்டால் எடை பார்க்க வேண்டும், அன்றே ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், சர்க்கரை பார்க்க வேண்டும். ஹார்மோன் முடிவு வர நாட்கள் ஆகலாம். உப்புகளின் அளவு சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடியிருந்தால் மருத்துவர் ஹார்மோன் முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார். ரத்தம் எடுத்த கையோடு உப்பு நீரும் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் ஏற்றிவிடுவார். இன்னொன்று: நான்காம் நாளில் சோடியம் சரியாக இருந்தது என்று நிம்மதி அடையாதீர்கள். முதல் வாரத்தில் அது சரியாகவே இருக்கலாம். நோய் இல்லை என்று உறுதியாகும்வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

உங்கள் கணவர் ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கிப் பொடித்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். கூடவே கூடாது. ரத்தம் எடுக்கும் முன் ஸ்டீராய்டு உள்ளே போனால் தேங்கிய ஹார்மோன் வடிந்து, நோயுள்ள குழந்தைக்கும் முடிவு நல்லபடி வந்துவிடக்கூடும். அதை நம்பி வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இணையத்தில் மருந்தின் பெயர் கிடைக்கும். அளவும் நேரமும் உங்கள் குழந்தையைத் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

மார்பு லேசாக வீங்கியிருப்பது, விக்கல், தும்மல், தோல் உரிவது ஆகியவற்றை மறந்துவிடுங்கள். பச்சிளங்குழந்தைகளுக்கு இவை இயல்பு. 'மகன் பெண்ணாக மாறிவிடுவானா' என்ற கேள்விக்கு ஒரே சொல்: மாட்டான். அப்படிச் சொல்லும் காணொளியை இனிப் பார்க்காதீர்கள். விரைப்பை கறுத்திருப்பதை மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த நோயில் அப்படிக் காணப்படுவது உண்டு.

நோய் உறுதியானால் மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் தேவை. காய்ச்சல் வந்தால் மருத்துவர் சொன்னபடி அளவைக் கூட்ட வேண்டும். ஒழுங்காகக் கொடுத்தால் அவன் வளர்வான், ஓடுவான், படிப்பான்.

இனி, நீங்கள் கேட்காமல் விட்டது. மூத்தவனுக்கும் இதுதானா, கவனிக்காமல் விட்டுவிட்டோமா? இந்த நோயோடு பிறக்கும் பெண் குழந்தைக்குப் பெரும்பாலும் பிறப்புறுப்பிலேயே வேறுபாடு தெரியும். ஆண் குழந்தை பார்வைக்குப் பெரும்பாலும் இயல்பாகவே இருப்பான். வயிற்றுக் கோளாறு, தொற்று என்றே பலரும் நினைப்பார்கள். அதனால்தான் குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டறியும் முறையை 1977இல் உருவாக்கினார்கள். மருத்துவர்களே தவறவிடும் நோயைத் தாய் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது, நீங்களும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

தாய் தந்தை இருவரும் இந்த நோயின் மரபணுவைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மூத்தவனின் மருத்துவமனைத் தாள்கள் பெட்டியில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். கடைசி நாட்களில் அவனுக்குப் பார்த்த சோடியம், பொட்டாசியம் எண்கள் அதில் இருந்தால், தம்பியைப் பார்க்கும் மருத்துவர் முதலில் தேடுவது அவற்றைத்தான்.