சத்திரத்தில் தங்குவது – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் தம்பி மகளுக்கு ஐந்து வயது. இரண்டு மாதத்துக்கு முன் ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். சென்னையில் வைத்தியம் நடக்கிறது. தம்பிக்குத் தேனிப் பக்கம் சின்ன மளிகைக்கடை. அதைப் பூட்டிவிட்டு, மனைவி, குழந்தையோடு ஒரு லாட்ஜில் நாளைக்கு 700 ரூபாய் வாடகையில் இருக்கிறான். மூத்த பையன் என்னிடம் இருந்து பள்ளிக்கூடம் போகிறான்.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக இலவசமாகத் தங்கும் இடம் இருக்கிறது, எழுதித் தரட்டுமா என்று மருத்துவமனையின் சோஷியல் ஒர்க்கர் கேட்டிருக்கிறார். தம்பி மறுத்துவிட்டான். "நாலு பேருக்குக் கடன் கொடுத்த கை இது. சத்திரத்துல போய்ப் படுத்தா ஊர்ல என்ன பேசுவாங்க" என்கிறான். எனக்கும் ஒரு தயக்கம் இருக்கிறது. நம்மைவிட இல்லாதவர்கள் பிளாட்பாரத்தில் படுத்திருக்கும்போது நாம் அந்த இடத்தை எடுத்துக்கொள்வது நியாயமா?

(பெயரும் ஊரும் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

இடம் கிடைத்தால் போகச் சொல்லுங்கள். இந்த வாரமே போகச் சொல்லுங்கள். மானம், நியாயம் இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன். அதற்கு முன்னால் குழந்தையின் உடம்பைப் பற்றிப் பேசிவிடலாம்.

கீமோ மருந்து புற்று அணுக்களோடு சேர்த்து நல்ல வெள்ளை அணுக்களையும் அழித்துவிடும். "கவுன்ட் இறங்கிடுச்சு" என்று வார்டில் சொல்வதை உங்கள் தம்பி மனைவி இதற்குள் நூறு தடவை கேட்டிருப்பார். கவுன்ட் இறங்கியிருக்கிற நாட்களில் ஓட்டல் சட்னியில் இருக்கும் கிருமி போதும், குழந்தை அவசர சிகிச்சைக்குப் போய்விடும். அந்த நேரத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுத்து விடியும்வரை பார்ப்போம் என்று இருக்க முடியாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். ஆகவே குழந்தை இருக்கிற இடம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், அம்மா கையால் புதிதாகச் சமைத்துக் கொடுக்க அடுப்பு இருக்க வேண்டும். 700 ரூபாய் லாட்ஜில் பெரும்பாலும் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். உங்கள் தம்பி மறுத்திருப்பது வைத்தியத்தின் ஒரு பகுதியை.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றில் அதிகம் காணப்படும் வகைக்கு வைத்தியம் இரண்டு, இரண்டரை வருடம் போகும். முதல் ஆறு, எட்டு மாதம்தான் கடுமையானது. ஆஸ்பத்திரியை ஒட்டியே இருக்க வேண்டிய காலமும் அதுதான். அப்புறம் மாத்திரையோடு ஊருக்குப் போய் மாதம் ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்கிற நிலை வரும். வசதியுள்ள நாடுகளில் குழந்தைகளுக்கு வரும் இந்த வகை ரத்தப் புற்றில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நம் நாட்டிலும் அதே மருந்துகள்தான். ஆனால் பாதியில் நின்றுபோகிறவர்கள் இங்கே அதிகம். மருந்துக்குக் காப்பீடு இருக்கிறது, அறக்கட்டளைகள் இருக்கின்றன. அறை வாடகைக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் எந்தக் காப்பீட்டு அட்டையும் செல்லாது.

இதை நான் படித்து மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. என் அண்ணன் மகனுக்கு ஏழு வயதில் இதே நோய் வந்தது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஊர் பெயரும் லாட்ஜ் பெயரும் வேண்டாம். மூன்றாவது வாரம் பையனுக்கு முடி கொட்டியது. அன்று மாலையே மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டு, மற்ற அறைக்காரர்கள் பயப்படுகிறார்கள், காலி செய்துவிடுங்கள் என்றார். ஒட்டுகிற நோய் இல்லை என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். நடக்கவில்லை. அடுத்த லாட்ஜ் இன்னும் தூரம், வாடகை இன்னும் அதிகம். நான்காவது மாதம் கையில் இருந்தது தீர்ந்ததும் ஊருக்கு வந்துவிட்டார்கள். பதினெட்டு நாள். அந்தப் பதினெட்டு நாளில் போட வேண்டிய ஊசிகள் போடாமல் போயின. திரும்பிப் போனபோது ஏன் வரவில்லை என்று டாக்டர் கேட்க, "ஊர்ல ஒரு விசேஷம்" என்றார் அண்ணன். அறைக்குப் பணம் இல்லை என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. பெற்றவர்களின் அலட்சியம் என்றுதான் டாக்டர் நினைத்திருப்பார். பையன் பிழைத்துக்கொண்டான். ஆனாலும் அந்தப் பதினெட்டு நாளைப் பற்றி அண்ணன் இன்றுவரை வீட்டில் பேசுவதில்லை. உங்கள் தம்பி சொன்னதைப் படித்தபோது எனக்கு அண்ணனின் குரல்தான் கேட்டது.

சரி, மானத்துக்கு வருகிறேன். சத்திரம் என்றால் நாதியற்றவன் படுக்கிற இடம் என்று எப்போது ஆனது? தஞ்சையிலிருந்து ராமேசுவரம் போகிற வழியெல்லாம் மராட்டிய மன்னர்கள் சத்திரம் கட்டி வைத்தார்கள். இரண்டாம் சரபோஜி 1801-இல் பிரிட்டிஷ் அதிகாரிக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அந்தச் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று அதில் விளக்குகிறார். எந்தச் சாதிக்காரர் வந்தாலும் சாப்பாடு உண்டு. வழியில் நோயில் விழுந்தவருக்கு வைத்தியமும் பத்தியச் சாப்பாடும் குணமாகும்வரை உண்டு. கர்ப்பிணி வந்தால் பிரசவம் பார்த்து அனுப்புவார்கள். தாய் தகப்பன் இல்லாத குழந்தைகளை வளர்ப்பார்கள். நம் பெரியவர்கள் எண்ணிவைத்த முப்பத்திரண்டு அறங்களில் ஆதுலர் சாலை என்று நோயாளிகள் தங்கும் இடமும் உண்டு. அங்கே தங்கியவர்களில் நிலபுலன் உள்ளவர்களும் இருந்திருப்பார்கள். வழியில் இருக்கிறவனுக்குக் கூரை வேண்டும், அதற்குத்தான் சத்திரம். உங்கள் தம்பி இப்போது வழியில் இருக்கிறார்.

இன்னொன்றையும் அவருக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் ஃப்ரெட் ஹில் என்று ஒரு அமெரிக்கக் கால்பந்து வீரர். அந்த ஊர் அணியில் சம்பளம் வாங்கி ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர். அவருடைய மகளுக்கு மூன்று வயதில் ரத்தப் புற்றுநோய். குழந்தை வார்டில் இருக்க, அவரும் மனைவியும் காத்திருப்பு அறை நாற்காலியிலேயே தூங்கினார்கள். சுற்றிலும் அதே கதியில் எத்தனையோ பெற்றோர். அந்த அணி நோயாளிக் குழந்தைகளுக்காக நிதி திரட்டியது. குழந்தைகளின் புற்றுநோய் மருத்துவர் ஆட்ரி எவன்ஸிடம் இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார்கள். குடும்பங்கள் தங்க ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு வீடு வேண்டும் என்றார் அவர். மெக்டொனால்ட்ஸ் கடைக்காரர்கள் மில்க்‌ஷேக் விற்ற பணத்தைக் கொடுக்க, 1974-இல் வீடு திறந்தது. அதற்கு அந்த நிறுவனத்தின் விளம்பரக் கோமாளியின் பெயரையே வைத்தார்கள், ரொனால்ட் மெக்டொனால்ட் ஹவுஸ். இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த ஏற்பாடு நடக்கிறது. அது தொடங்கக் காரணமாக இருந்தவர் காசில்லாதவர் இல்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன். மகள் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவருக்கும் நாற்காலிதான் கிடைத்தது.

நம் நாட்டில் புற்றுநோய் வைத்தியத்துக்குப் பெயர்போன இடம் மும்பை பரேலில் இருக்கிற டாடா நினைவு மருத்துவமனை. 1941-இல் திறந்தது. பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் மாதக்கணக்கில் அதன் சுற்றுச்சுவரை ஒட்டி நடைபாதையில் தார்ப்பாய் கட்டி இருப்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கையில் துடைப்பத்தோடு ஊர் ஊராகப் போய்த் தெருக்கூட்டிய மராட்டியத் துறவி காட்கே மகராஜ் பெயரில் தாதரில் ஒரு தர்மசாலை இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குப் பல காலமாக அதுதான் புகலிடம். குழந்தைகளுக்கென்றே செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் 2006-இல் மும்பையில் தொடங்கியது. இப்போது சென்னையிலும் வேலூரிலும்கூட நடத்துகிறார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தடுத்துப் பிரித்த தனி இடம், பொதுச் சமையலறையில் தனி அடுப்பு, ரேஷன், ஆஸ்பத்திரிக்குப் போய்வர வண்டி, குழந்தைகளுக்குப் பாடம். கட்டணம் கிடையாது.

அந்தச் சமையலறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இப்படியொரு இல்லத்துக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். வரிசையாக அடுப்புகள். ஒருவர் ரசம் வைக்கிறார், பக்கத்தில் ஒரு வங்காளத்து அம்மா மீனைக் குழைய வேகவைக்கிறார். வாயெல்லாம் புண்ணாகி எதையும் விழுங்காத குழந்தைக்குத் தயிர்ச்சாதத்தைக் கூழாகக் கரைத்துக் கொடுத்துப் பார் என்று நான்கு மாதம் முன்னால் வந்தவர் நேற்று வந்தவருக்குச் சொல்கிறார். பாதி சைகை, பாதி உடைந்த இந்தி. டாக்டருக்கு இதற்கெல்லாம் நேரம் கிடையாது. லாட்ஜ் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் உங்கள் தம்பி மனைவிக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை.

கஷ்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். எல்லாக் குழந்தைகளும் பிழைப்பதில்லை. ஒரு நாள் காலையில் பக்கத்து அடுப்பு காலியாக இருக்கும். அன்றைக்கு அங்கே யாருக்கும் சோறு இறங்காது. விதிமுறைகள் கடுமையாக இருக்கும்: செருப்பு வெளியே, வெளிச்சாப்பாடு கூடாது, பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடு. எல்லாம் குழந்தையின் கவுன்ட்டுக்காகத்தான் என்று தெரிந்தால் கோபம் வராது. சில இடங்களில் அப்பாவும் தங்கலாம், சில இடங்களில் அம்மாவுக்கு மட்டும்தான் அனுமதி. அதையும், ராத்திரியில் காய்ச்சல் வந்தால் வண்டிக்கு என்ன வழி என்பதையும் முதல் நாளே கேட்டுக்கொள்ளட்டும்.

இனி உங்கள் கேள்வி. நியாயம் பார்க்கிற மனசு உங்களுக்கு இருப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டாம். யாருக்கு இடம் என்று முடிவு செய்யத்தான் அந்த சோஷியல் ஒர்க்கர் இருக்கிறார். கடை வருமானம், கடன், நிலம் எல்லாவற்றையும் உள்ளபடி அவரிடம் சொல்லுங்கள். உங்களைவிடத் தேவை அதிகமுள்ளவர் வரிசையில் இருந்தால் அவருக்குத்தான் கொடுப்பார். நாளைக்கு 700 என்றால் மாதம் 21,000, ஆறு மாதத்தில் 1,26,000. இதில் சாப்பாடும் ஆட்டோவும் சேராது. பூட்டிய கடையை வைத்துக்கொண்டு இதைக் கொடுத்தால், ஐந்தாவது மாதம் நீங்கள் சொல்லும் அந்தப் பிளாட்பாரத்துக்கு உங்கள் தம்பியே வந்துவிடுவார். அப்போது இல்லத்தில் இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ரயில்வே சலுகைப் படிவத்தையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்குங்கள். வைத்தியத்துக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் இலவசம், கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. உங்கள் தம்பி இப்போது அதையும் விட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். சாயங்காலம் ஏழு மணிக்கு, சமையல் நேரத்தில், ஒரு தடவை அந்த இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வா, பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம் என்று மட்டும் சொல்லுங்கள். கூடவே மனைவியையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும். உங்களிடம் இருக்கிற மூத்த பையனுக்கு தினமும் ஒரு தடவை தங்கச்சியோடு வீடியோவில் பேச வழி செய்யுங்கள். அவன் கேட்கமாட்டான், நீங்களே செய்யுங்கள்.

என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

அன்புடன்.