விஸ்கெரா ரிப்போர்ட்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

விஸ்கெரா என்றால் பிரேதப் பரிசோதனையில் நச்சு இருக்கிறதா என்று பார்க்க எடுத்து வைக்கும் உள்ளுறுப்புப் பகுதிகள். அதைப் பற்றி மதுரைப் பக்கத்து உறவுகள் கேட்டவற்றுக்கு, நச்சியல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவனாக என் பதில்கள்.

மேலூர் சகோதரி: தம்பி டபென்டடால் என்ற வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்வான். இறந்து நாலு மாதம் ஆச்சு. ரிப்போர்ட்டில் 'நச்சு எதுவும் இல்லை' என்கிறார்கள். எப்படி ஐயா?

மனசு கனத்துப் போச்சும்மா. அந்த வரிக்கு, தேடியவற்றில் எதுவும் சிக்கவில்லை என்றுதான் அர்த்தம். டபென்டடால் செயற்கையாகச் செய்த மருந்து. ஓபியத்தில் கிடைக்கும் மார்பினைப் பிடிக்கும் சோதனை ஸ்ட்ரிப்பில் அது தெரியாது, மூலக்கூறுகளைப் பிரித்து எடையை வைத்து அடையாளம் காட்டும் எல்.சி.-எம்.எஸ். கருவியில் அந்தப் பெயரைச் சொல்லித் தேடணும். காலி மாத்திரை அட்டை, சிரிஞ்சு ஏதாவது வீட்டில் கிடந்தால் கழுவாமல் விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். மீதி சாம்பிள் இருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லி மனு கொடுங்கள்.

திருமங்கலம் மாணவர்: ஹெராயின் ரத்தத்தில் சில நிமிஷம்தான் நிற்குமாமே?

ஆமாம் தம்பி. அதனால்தான் உடல் அதை உடைத்தபின் மிஞ்சும் மெட்டபொலைட்டைத் தேடுகிறோம். ஹெராயின் முதலில் 6-மோனோஅசிட்டைல்மார்பினாகவும் பிறகு மார்பினாகவும் உடையும். மார்பின் மட்டும் கிடைத்தால் ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியாகவும் இருக்கலாம். 6-மோனோஅசிட்டைல்மார்பின் கிடைத்தால் அது ஹெராயின்தான். அதுவும் சீக்கிரம் கரைந்துபோகும், ஆனால் கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் திரவத்தில் ரத்தத்தைவிட நேரம் தங்கும்.

உயிர் போனாலும் வேதிவினை நிற்பதில்லை. நைட்ராசிபாம் தூக்க மாத்திரையைக் குடல் பாக்டீரியா 7-அமினோநைட்ராசிபாமாக மாற்றிவிடும். சித்திரை வெயிலில் உடல் வெளியே கிடந்தால் சொல்லவே வேண்டாம். மாத்திரையை மட்டும் தேடுகிறவர் அங்கே ஏமாந்துபோவார்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு பயிற்சி மருத்துவர்: இதய ரத்தம் போதாதா?

தொடை ரத்தம் எடுங்கள் டாக்டர். இறந்தபின் நுரையீரல், கல்லீரலில் தேங்கிய மருந்து இதய ரத்தத்துக்குள் கசிந்து அளவைக் கூட்டிக் காட்டும். கெடாமல் இருக்க ரத்தத்துக்கு சோடியம் ஃப்ளோரைடு, விஸ்கெராவுக்கு இனி உப்பு கரையாத அளவு நிறைவுற்ற உப்புக் கரைசல். பாட்டிலின் அடியில் கரையாத உப்பு தெரியணும். தெரியவில்லை என்றால் கரைசல் நிறைவு பெறவில்லை.

ஒத்தக்கடை வாசகர்: முடியில் தெரியுமா?

தெரியும். மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால் பழைய பழக்கத்தைக் காட்டும். சாவுக்குச் சற்று முன் எடுத்ததைக் காட்டாது.

மேலூர் சகோதரி மறுபடி: செயற்கைக் கஞ்சாவும் இழுத்தான் என்கிறார்கள். கஞ்சா டெஸ்ட் நெகட்டிவ்.

பெயர்தான் கஞ்சா, மூலக்கூறு வேறு. அந்த டெஸ்டில் வராது. சிறுநீரில் பெரும்பாலும் மெட்டபொலைட்தான் மிஞ்சும். மனுவில் இதையும் தனியாக எழுதுங்கள். சிறுநீர் எடுத்து வைத்தார்களா என்றும் கேளுங்கள்.