நவம்பர் 1: கேட்டவர்களுக்குப் பதில்

சார், நவம்பர் 1 எங்களுக்கு லீவு. திருநெல்வேலியில் சித்தி பிள்ளைகளுக்கு ஸ்கூல் உண்டு. ஏன்? (மாணவி, தக்கலை)

அது நம்ம மாவட்டத்துக்கு மட்டுமான உள்ளூர் விடுமுறை, மக்களே. 1956 நவம்பர் 1, வியாழக்கிழமை. அதுவரை நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். அன்றுதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நாலு தாலுகாவும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. உன் சித்தி ஊர் முன்பே அங்கேதான் இருந்தது.

தேவிகுளம், பீர்மேடு ஏன் கைவிட்டுப் போயின? (களியக்காவிளை)

இப்போது கேரளத்தில் இருக்கும் அந்த மலைத் தாலுகாக்களில் தமிழர்தான் அதிகம் என்று மாநிலச் சீரமைப்பு ஆணையமே ஒப்புக்கொண்டது. ஆனால் அவர்களில் பலர் எஸ்டேட் வேலைக்கு வந்துபோகிறவர்கள், அந்த மலை திருவிதாங்கூர் பொருளாதாரத்துக்கு அவசியம் என்று சொல்லிவிட்டது. தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களை வந்துபோகிறவர்கள் கணக்கில் வைத்தது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. செங்கோட்டையைக்கூட முழுசாகத் தரவில்லை. மலைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் கேரளத்தோடு நின்றுவிட்டது.

கிடைத்ததும் சும்மா கிடைக்கவில்லை. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டம் அது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. அப்போது பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சர்.

பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் ஏன் கேரளத்திடம்? (குலசேகரம்)

மண் நம்முடையது, அரண்மனை அவர்களுடையது. பராமரிப்பு கேரளத் தொல்லியல் துறை. நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

புதுச்சேரியிலும் நவம்பர் 1 கொண்டாடுகிறார்களே, நமக்காகவா? (கொட்டாரம்)

இல்லை. அது இரண்டு வருஷம் முந்திய கதை. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் வாக்கெடுப்பு. மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16-இல்தான்.

தமிழ்நாடு நாள் நவம்பர் 1-ஆ, ஜூலை 18-ஆ? (நாகர்கோவில்)

2019-இல் நவம்பர் 1 என்று அரசு அறிவித்தது. 2021-இல் ஜூலை 18 என்று மாற்றினார்கள். 1967-இல் அதே தேதியில்தான் சென்னை மாநிலத்தைத் தமிழ்நாடு என்று பெயர் மாற்றும் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. நம் விடுமுறைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தாத்தா பத்திரத்தில் 1132 என்று இருக்கிறது, அண்ணாச்சி. எந்த வருஷம்? (அருமனை)

அது கொல்லம் ஆண்டு, மலையாள நாட்காட்டிக் கணக்கு. ஆவணி முதல் டிசம்பர் வரை 824 கூட்டுங்கள், ஜனவரிக்கு அப்புறம் 825. மாசம் ஐப்பசி என்றிருந்தால் 1956, நாம் சேர்ந்த சமயம். தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.